மாட்ட மறந்த தகடு

"இந்தச் சத்தத்தோட எத்தனை நாளா ஓட்டறீங்க?"

மழை வலுத்ததால்தான் அந்தப் பட்டறையின் கூரைக்கடியில் காரை நிறுத்தினாள். கேட்காமலே குனிந்து பின்சக்கரத்தை ஆராய்கிறான் இந்த மெக்கானிக்!

"எந்தச் சத்தம்?"

"ஊளையிடுதே, கேக்கலையா?"

"அது பாடுது..."

"பாடிக்கிட்டே ஒருநாள் சக்கரம் தனியா ஓடிடும். பேரிங் போச்சு. ஆயில் சீலும் கசியுது."

தனியா... அந்தச் சொல் மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. அம்மா போனபின் அவளோடு பேசிய ஒரே குரல் அந்தச் சத்தம்தான். அதை எப்படி இவனிடம் சொல்வது?

"நாளைக்கு மதியம் நான் ஊரைவிட்டே கிளம்பணும். முடியுமா?"

"காலையில வாங்க. முடிச்சிடலாம்."

அண்ணன் வீட்டில் பின்னறை காலியாக இருந்தது. 'ஒத்தையா அங்க என்ன பண்றே, வந்துடு' என்றிருந்தான். வேண்டாத நாற்காலியை ஓரமாகப் போடுவதுபோல, அவளையும் அங்கே போட்டுவைக்கலாம்.

மறுநாளும் மழை. பழைய டயர்மேல் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்சிலை உருவி, பூட்டு வளையத்தை வெட்டி, தேய்ந்த பேரிங்கைக் கழற்றி அவள் கையில் வைத்தான் மெக்கானிக்.

"சுத்திப் பாருங்க."

மணலை அரைப்பதுபோல் நறநறத்தது.

"இதுதாங்க உங்க பாட்டு."

சிரித்துவிட்டாள். தன் சிரிப்பே அவளுக்குப் புதிதாகக் கேட்டது. அதன்பிறகு ஏனோ பேசிக்கொண்டே போனாள்... மருந்துக்கடை வேலை, இருட்டில் துழாவித் திறக்கும் கதவு, இருமினால்கூட ஏனென்று கேட்க ஆளில்லாத வீடு...

அவன் நிமிர்ந்தான். மழைவெளிச்சத்தில் அந்தக் கண்கள் ஒரு கணம் அவள்மேலேயே நின்றன. கை மட்டும் புது பேரிங்கை ஆக்சிலில் இறக்கும் பிரஸ்ஸை அழுத்திக்கொண்டிருந்தது.

டொக்.

பேரிங் உட்கார்ந்தது. அவன் முகம் தொங்கிப்போனது.

"இன்னிக்கு முடியாதுங்க."

"என்ன விளையாடறீங்களா? நேத்து வாய் கிழியச் சொன்னீங்களே!"

மேசையில் கிடந்த ஒரு தகட்டை மெல்ல எடுத்துக் காட்டினான்.

"பேரிங்கை நகராமப் பிடிக்கிற தகடு. ஆக்சில்ல முதல்ல இது போகணும், அப்புறம்தான் பேரிங். இதை மாட்டாமலே பேரிங்கை இறக்கிட்டேன். இப்போ அந்தப் புதுசையே வெட்டித்தான் எடுக்கணும். வேற பேரிங் வாங்கணும்..."

"மறந்துட்டீங்களா?"

"தொழிலுக்கு வந்ததிலேர்ந்து இதை மறந்ததே இல்ல." தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "கேக்க ஆளில்லன்னு சொன்னீங்க பாருங்க... என் வீட்டுலயும் அப்படித்தான். அதுலயே மனசு நின்னுடுச்சு."

கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. போன் அடித்தது.

"கிளம்பிட்டியாம்மா?" அண்ணன்.

பதில் சொல்ல வாயெடுத்தாள். ஈரக்காற்று தொண்டையில் ஏறி இருமல் வந்தது.

"என்னாச்சுங்க?" தகட்டைப் போட்டுவிட்டு அவன் பதறி எழுந்தான். "தண்ணி வேணுமா?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன... இருமலால்தான் என்று அவன் நினைத்திருக்கக்கூடும்.

"அண்ணா... நான் வரல. அந்த ரூமை வேற எதுக்காவது வெச்சுக்கோ."

"ஏம்மா, வண்டி ரெடியாகலையா?"

"வண்டி ரெடியாயிடும். நான்தான் வரல."

போனை வைத்தாள். அவன் தண்ணீர்ச் செம்போடு அசையாமல் நின்றான். காதுமடல் சிவந்திருந்தது.

"புது பேரிங் போட்டா சத்தமே வராதா?"

"வராதுங்க..."

"அப்போ வண்டியில கூட யாராவது பேசிக்கிட்டு வரணும்." செம்பை வாங்கிக்கொண்டாள். "இந்தத் தடவை தகட்டை மறக்காதீங்க. நான் வாயை மூடப்போறதில்ல."