ஒடியாத தண்டு

அடுப்புக்கு மேலே கோத்துக் காயவைத்திருந்த காளான்கள் எல்லாம் பருத்து ஈரமாக இருந்தன. நெஸ்டா அவற்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. மழை இனிமேல்தான் வரவேண்டும். மலைச்சரிவில் மேகம் இறங்கி, மேய்ச்சல் நிலம் அந்தி வெளிச்சத்தில் சாம்பல் பூத்துக் கிடந்தது. நொண்டி ஆட்டைத் தேடிப் போன கணவர் இத்வால் இன்னும் திரும்பவில்லை. அடுப்பில் ஆட்டுக்கறிச் சூப் சுண்டிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு காளானை எடுத்து விளக்கருகே பிடித்தாள். சின்னது, வெளிர்பழுப்பு, குடையின் நடுவில் ஒரு குமிழ். அடியில் மடிப்புகள் விலகி விலகி இருந்தன. தண்டை முறுக்கினாள், கயிறு மாதிரி முறுகியதே தவிர ஒடியவில்லை. வைக்கோல் வாடையோடு லேசாகப் பாதாம் வாடை. புல்வெளியில் வட்டம் கட்டி முளைக்கும் வளையக் காளான்தான், சந்தேகமில்லை. இதன் பக்கத்திலேயே முளைக்கும் வெள்ளைக் காளானுக்கு மடிப்புகள் நெருக்கம், தின்றால் ஆளைத் தீர்த்துவிடும். கல்யாணமானதிலிருந்து அவள்தான் பார்த்துச் சொல்வாள். "நீ சரின்னா விஷத்தையும் தின்னுருவேன்" என்று இத்வால் கேலி செய்வார்.

காய்ந்து செத்ததுபோல் கிடந்து, மழை பட்டதும் உயிர் பிடித்து எழுவது வளையக் காளானின் சுபாவம். மழையே இல்லாமல் எழுந்து அவள் பார்த்ததில்லை.

"நெஸ்டா."

இத்வாலின் குரல்தான். ஜன்னலுக்கு அப்பால், புல்வெளியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலைச் சுற்றி வட்டமாகக் காளான்கள். அந்த வட்டங்களுக்குச் சொந்தமான மாய மனிதர்களை இந்தப் பக்கத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அழகான குடும்பத்தார்' என்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் தானாக வெளியே வர முடியாது. இழுக்கப் போகிறவர் ஒரு காலை வட்டத்துக்கு வெளியே ஊன்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் இருவரும் போனார்கள்.

நெஸ்டா ஓடினாள். முதல் தூறல் விழுந்தது.

"கையக் குடு, நெஸ்டா" என்றது குரல். முகம் திரும்பவில்லை.

அவள் இடது காலை வெளியே அழுத்தமாக ஊன்றிக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கனமே இல்லை. கை பின்பக்கமாக வளைந்தது. முறுகியது. ஒடியவில்லை. வைக்கோல் வாடை. பாதாம் வாடை. சுருங்கிக் கிடந்த தோல் தூறல் படப் படப் பருத்தது. சட்டைக் காலருக்குள், கழுத்தின் அடியில், மடிப்புகள். விலகி விலகி.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைக் காளான் இல்லை. இத்வாலும் இல்லை.

கையை உதறினாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கும் அப்பால், வேலியோரமாக, கரும்பச்சைப் புல் ஒரு பெரிய வளைவாகத் தெரிந்தது. வளையம் வருஷா வருஷம் வெளிப்பக்கமாக வளரும், அந்தப் புல்தான் அதன் விளிம்பு. எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். இன்றைக்குக் காளானைப் பார்த்தவள் புல்லைப் பார்க்கவில்லை. இப்போது மழையில், புல் நெடுகக் குமிழ்கள் தலைகாட்டின. வீடு உள்ளே. கிணறு உள்ளே. அவள் இடது காலும் உள்ளே.

கீழே பாதையில் ஆடு கத்தியது. வேலிப் படல் திறந்தது. விளக்கோடு இத்வால்.

வராதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். நாக்கு வளைந்தது. சத்தம் வரவில்லை.

பக்கத்தில் நின்றது பேசியது. அவள் குரலில்.

"இத்வால். கையக் குடுங்க."

விளக்கு ஓடி வந்தது. "பயப்படாத புள்ள, நீ சொன்னது ஞாபகம் இருக்கு" என்றார் மூச்சிரைக்க. சின்ன வட்டத்தின் ஓரத்தில் நின்று, ஒரு காலை மிகக் கவனமாக வெளியே ஊன்றிக்கொண்டு, கையை நீட்டினார்.