வேக்குவம் பிடிக்காத தொட்டி

பம்ப் கம்பெனியிலிருந்து புதுப் பம்புடன் வந்த அவள், கல்லூரி ஆய்வகத்தின் அடித்தளத்துக்கு இறங்கியபோது உச்சிவெயில் நேரம். கீழே அதன் சுவடே இல்லை. பழைய எண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த வாடை மூக்கைப் பிடித்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. கதவில் வட்டக் கண்ணாடி. காற்றை உறிஞ்சியெடுத்து வேக்குவமாக்கி, உள்ளே வைத்ததை உலர்த்துவது அதன் வேலை.

"பொம்பளப் புள்ளையவா அனுப்பியிருக்காங்க?" என்றார் துறைத்தலைவர்.

"பம்புக்கு அதெல்லாம் தெரியாது சார்."

வாய்த்துடுக்குதான். ஆனாலும் இந்த வேலையை விட முடியாது. வீட்டில் முதல் பட்டதாரி. தம்பியின் படிப்பு அவள் தலையில். எந்தப் பம்புக்கும் வேக்குவம் பிடிக்காத இந்தத் தொட்டியில் இன்று பிடித்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

தொட்டியைத் துடைத்துக் கதவை மூடினாள். பம்புக்கு எண்ணெய் ஊற்றி, குழாயை மாட்டி, கிளாம்ப்பை முறுக்கினாள். சுவிட்சுக்குக் கை நீட்டியதும் ஆய்வக உதவியாளர் கிசுகிசுத்தார்.

"கதவத் தட்டிட்டுப் போடும்மா."

"எதுக்குண்ணே?"

"துடைக்க ஆளு உள்ள போவாங்கல்ல. தட்டிப் பாத்துட்டுத்தான் போடுறது. ஒரே ஒரு தடவ தட்டாம போட்டுட்டாரு." அவர் கண் துறைத்தலைவர் பக்கம் போய்த் திரும்பியது. "மாரடைப்புன்னு சொல்லிட்டாங்க."

துடைக்கப் போனவனுக்கு மாரடைப்பு, சுவிட்சைப் போட்டவருக்குத் தலைவர் நாற்காலி. நல்ல நியாயம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க என்னய்யா குசுகுசுன்னு?" சார் வந்து, தானே சுவிட்சைப் போட்டார். தட்டவில்லை.

பம்ப் உறுமியது. அழுத்தமானியின் முள் இறங்கியது. பாதியில் நின்றது.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

எங்காவது ஒழுகினால் முள் ஓரிடத்தில் நின்றுவிடும். இப்படி மூச்சு வாங்காது.

அவள் விரல் மடக்கிக் கதவை மெல்லத் தட்டினாள்.

உள்ளிருந்து பதில் தட்டு வந்தது.

அந்த நொடியே முள் அடிமட்டத்துக்கு விழுந்தது. "பாத்தியா, புடிச்சிருச்சு!" என்றார் சார். வேலை நிரந்தரம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

வட்டக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தது.

காற்றே இல்லாத இடத்தில்.

"தொறந்து விடும்மா," உதவியாளர் காற்று வால்வைக் காட்டினார். "பாவம், அவனுக்கு முட்டுது."

"லூசாய்யா நீங்க? அதுல கை வச்சா உன் வேல போச்சு!"

"போகட்டும் சார்."

பம்பை அணைத்து, காற்று வால்வை முழுதாகத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, தொட்டி நிறைந்துவிட்டது. ஆனாலும் காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது, நெடுநாள் அடக்கிய மூச்சை ஒருவன் இழுப்பதுபோல.

பிறகு அடங்கியது. கதவு தானாகத் தளர்ந்து திறந்தது.

உள்ளே யாருமில்லை.

"காலித் தொட்டி! இதுக்குப் போயி..." சார் சிரிக்கத் தொடங்கினார். முடிக்கவில்லை.

அவருடைய மூக்குக்கண்ணாடியில், வெளிப்பக்கம், ஆவி படர்ந்து மறைந்தது.

மறுபடி படர்ந்தது.