பரிசலில் ஏறியவர்கள் எங்கே?

கை லேசாகத்தான் பட்டது என்று புஷ்பமேரி சொன்னாள். லேசாகப் பட்ட கை மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த செல்லியின் ஆங்கிலக் கட்டுரையில் ஒகேனக்கல் அருவி நீலமாகக் கொட்டியது.

செல்லி திட்டவில்லை. தாளை உதறிக் காயவைத்தாள். அவ்வளவுதான்.

‘திட்டாதவளை நம்பக் கூடாது. பெருசா ஏதோ வச்சிருக்கா’ என்று புஷ்பமேரி முடிவு கட்டினாள்.

பென்னாகரத்தில் அவர்களுடைய ஏழாம் வகுப்பில் வெங்கடாசலம் சார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கட்டுரைகளைப் பிள்ளைகளே மாற்றிப் படித்து, அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இந்த முறை எல்லோருக்கும் ஒரே தலைப்பு: குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்வந்தது.

“மோசம்னு மட்டும் எழுதாதீங்க. எப்படி மோசம்? கவனமில்லாம எழுதியிருந்தா கேர்லெஸ்லி. அவசரமா எழுதியிருந்தா ஹேஸ்டிலி. சரியான சொல்லைப் போட்டாத்தான் எழுதினவங்க திருத்திக்குவாங்க” என்பார்.

யாரும் போடவில்லை. ‘நீ எனக்கு வெரி வெல் போடு, நான் உனக்குப் போடறேன்’ என்று வகுப்பே ரகசியமாகப் பேசி வைத்திருந்தது. அந்த அருமையான யோசனை புஷ்பமேரியுடையது.

இப்போது அதுவே அவள் கழுத்தைப் பிடித்தது. நாளை பள்ளி ஆய்வாளர் வருகிறார். அவர் முன்னால் கட்டுரை வாசிக்க வேண்டியவள் அவள். நன்றாக இருக்கிறதா? சிரிப்பார்களா? யாரைக் கேட்பது?

“சின்னப்பா, எப்படிடா இருக்குது?”

“வெரி வெல்!” தாளை அவன் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

“அர்ச்சுனா, நீ சொல்லு?”

“வெரி வெரி வெல்!”

ஒரு ‘வெரி’ கூடியது. சந்தேகமும் கூடியது.

தாள் செல்லியிடம் போனது. அவள் பேனாவைக் கடித்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு. பிறகு அவளும் ‘வெரி வெல்’ என்றே எழுதினாள்.

‘பாத்தியா! நாளைக்கு நான் மாட்டட்டும்னுதான்!’

சண்டைக்கு எழப்போன புஷ்பமேரியின் கைக்குச் செல்லியின் மைபட்ட தாள் வந்தது. வேண்டா வெறுப்பாகப் படித்தாள். கறைக்குத் தப்பிய வரிகளில் மாமா பாறையில் வழுக்கி விழுந்தார். வாங்கிய மீன் கூடையிலிருந்து துள்ளி ஆற்றுக்கே திரும்பியது. புஷ்பமேரி தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

இதற்கு ‘வெரி வெல்’ போட்டால் யார் நம்புவார்கள்? நெடுநேரம் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினாள்: ‘அழகாக எழுதப்பட்டது. கவனமில்லாமல் கெடுத்தவள் நான்.’

செல்லி அதை இரண்டு தடவை படித்தாள்.

“நெசமாவா?”

“நெசந்தான் புள்ள. நீயும் நெசத்தச் சொல்லு. நாளைக்குச் சிரிப்பாங்களா?”

“சொன்னா அழுவ மாட்டியே?”

“மாட்டேன்” என்றாள் புஷ்பமேரி, பாதி அழுதுகொண்டே.

செல்லி ‘வெரி வெல்’லை அடித்தாள்.

“சிரிப்பாங்க. ஹேஸ்டிலி எழுதியிருக்கற. உங்க குடும்பம் பரிசல்ல ஏறுது. பாதி ஆறு கூடத் தாண்டல. அடுத்த வரியில வூட்ல ஒக்காந்து சோறு திங்குது. வா, மொதல்ல அவங்களக் கரையில எறக்கி வுடலாம்.”