இரண்டு குரலுக்கு ஒரு பதில்

குசகாரியின் பென்சில் தாளின்மேல் நின்றுவிட்டது.

ஆற்றுப் பக்கமிருந்து ஆண் ஆந்தை இரண்டு முறை குரல் கொடுத்தது. பூ, பூ. அது தினமும் நடப்பதுதான். பிப்ரவரி மாதம், மாலை நாலரை மணிக்கெல்லாம் பனிமேல் விழும் வெளிச்சம் நீலமாகிச் சாம்பலாகிற நேரத்தில், மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும் ஜன்னல் இடுக்கில் நுழையும் குளிரும் போல அந்தக் குரலும் வீட்டுக்குள் வரும். அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் வெறுமை. பெண் ஆந்தை பதில் சொல்லவேண்டிய இடம் அது. பதினொரு மாதமாக அந்த இடம் காலியாகவே கிடந்தது.

இன்று அங்கே பதில் வந்தது. தாழ்வாக, ஒரே ஒரு குரல்.

ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோத் தீவின் இந்த மூலையில் மீன் ஆந்தை ஜோடிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஆண் இரண்டு குரல், பெண் ஒரு குரல். இடைவெளியே தெரியாமல் சேர்ந்து கூப்பிடும். தெரியாதவர்கள் ஒரே பறவை என்று நினைப்பார்கள். இருபது வருடமாக இவற்றை வரைந்தும் எழுதியும் பிழைக்கிற குசகாரிக்கு அது தெரியும்.

பதில் சொல்லவேண்டியவள் எங்கே இருக்கிறாள் என்பதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பின்னறையில், ஃப்ரீசரில், சால்மன் துண்டுகளுக்கு அடியில்.

மீன் ஆந்தையை வரைகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பறவையை உள்ளபடி வரையலாம், கூடு இருக்கும் இடம் அடையாளம் தெரியும்படி வரையக் கூடாது. மரத்தை மாற்ற வேண்டும், ஆற்றை வேறு பக்கம் திருப்ப வேண்டும், பாலம் இருந்தால் அழித்துவிட வேண்டும். குசகாரியும் அப்படித்தான் செய்துவந்தார். போன மார்ச்சில் மட்டும், பத்திரிகைக்கு அனுப்பிய படத்தில், கூடு இருந்த எல்ம் மரத்தின் இரட்டைப் பிளவை அப்படியே விட்டார். பின்னால் பாலத்தின் வளைந்த கைப்பிடியையும் விட்டார். மறந்து அல்ல. நன்றாக வந்திருந்தது. அழிக்க மனசு வரவில்லை.

படம் வெளியான நான்காம் நாள் இரவு பாலத்தில் ஒன்பது கார்கள் நின்றன. கேமராக்கள், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். முட்டைமேல் உட்கார்ந்திருந்தவள் மிரண்டு எழுந்தாள், மின்கம்பியில் மோதினாள். விடிந்ததும் பாலத்தடியில் கண்டெடுத்தது குசகாரிதான். அவ்வளவு பக்கத்தில் அந்த இறகுகளை அதுவரை பார்த்ததில்லை. தகவல் சொல்லவேண்டிய போனை எடுக்காமல், சிறகுக்குள் கம்பி கொடுத்து, உட்கார்ந்த நிலையில் வளைத்து, அந்தக் கோலத்திலேயே உறையவைத்தார். அவளைப் பார்த்துப் பதினொரு படம் வரைந்தாயிற்று. இதுவரை அவர் வரைந்ததிலேயே உயிருள்ள படங்கள் அவைதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பூ, பூ.

இந்த முறை கிட்டத்தில். தோட்டத்து லார்ச் மரம். அப்புறம் பதில். மூடியை அழுத்தி வைத்த பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிய குரல், பலகைத் தரை வழியாக அவருடைய உள்ளங்காலில் ஏறியது.

எழுந்தார். பின்னறையில் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை. மீன் வாடை. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். செய்தித்தாளைப் பிரித்தார்.

அப்படியேதான் இருந்தாள். கல். கண்மேல் உறைபனி. கூப்பிடும்போது மீன் ஆந்தையின் தொண்டையில் வெள்ளை இறகுகள் பந்துபோல் உப்பும். குசகாரி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூரைமேல் கனமாக ஏதோ உட்கார்ந்தது. பனி சரிந்தது.

பூ, பூ.

அவள் தொண்டை அசையவில்லை.

பதில் மட்டும் வந்தது. மிக அருகில்.

அவர் நெஞ்செலும்பு அதிர்ந்தது.

கதவு தடதடத்தது. குசகாரி மூடியைப் போட்டுவிட்டு ஓடினார். நுமாதா. கூடுகளுக்குக் காவல் பார்ப்பவன். பதினொரு மாதமாகப் பெண் ஆந்தையைத் தேடி ஆற்றோரம் அலைகிறவன். கையில் ஆந்தைக்குக் கொட்டும் உயிர்மீன் வாளி. மூக்கு சிவந்து, சிரிப்பில் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

"அண்ணே! கேட்டீங்களா இல்லையா? காதுல பஞ்ச வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"

குசகாரி தலையாட்டினார்.

"உங்க வீட்டுப் பக்கந்தாண்ணே கேக்குது! நான் ஆறு பூரா தேடுறேன், மகாராணி இங்க வந்து உக்காந்திருக்கா. படம் வரையுறவர் வீடுன்னு தெரிஞ்சே வந்திருப்பா போல." சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. கையுறையால் கண்ணைத் துடைத்தான். "செத்துட்டான்னே முடிவு பண்ணிட்டேண்ணே. என் பொண்டாட்டிகூட, போதும் விட்டுடுன்னு சொன்னா. நாளைக்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வந்து தேடுறேன்."

அந்த முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும். இப்போதே. படத்தைப் பற்றி, பாலத்தைப் பற்றி, ஃப்ரீசரைப் பற்றி. சொல்லாவிட்டால் இவன் சாகும்வரை தேடுவான்.

"நுமாதா, தேடாத. உள்ள வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

"என்னண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? உங்க கழனித்தண்ணி டீயை நீங்களே குடிச்சிட்டீங்களா?"

"அவ..."

பூ, பூ. தலைக்கு நேர் மேலே.

இடைவெளி.

நான்தான் கொன்றேன் என்று சொல்லக் குசகாரி வாயைத் திறந்தார்.

அவர் தொண்டை உப்பியது. ஒரே ஒரு குரல் வெளியே வந்தது. தாழ்வாக. நீளமாக.

நுமாதாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிறகு வாளி விழுந்தது. வாசல் பனியில் மீன்கள் துள்ளின.

"அண்ணே?"

குசகாரி மறுபடி முயன்றார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வாய்க்கு வெளியே அது அந்தக் குரலாகவே வந்தது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார். விரல்களுக்குள் ஏதோ மெத்தென்று உப்பித் தணிந்தது.

நுமாதா பின்வாங்கினான். வாசலோரச் சுவரில் முதுகு முட்டியது. அவனால் ஓடவும் முடியவில்லை.

கூரையிலிருந்து இறக்கைச் சத்தம். ஆண் ஆந்தை பனியில் இறங்கியது. தொடையளவு உயரம். மஞ்சள் கண். துள்ளிய மீன்களில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டது. நடந்தது. நுமாதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் படியேறி உள்ளே வந்தது. நகங்கள் பலகையில் டக், டக்.

அடைகாக்கும் பெண்ணுக்கு ஆண்தான் இரை கொண்டுவரும். குசகாரியே எழுதியிருக்கிறார், பலமுறை.

மீனை அவர் காலடியில் வைத்தது. நிமிர்ந்து பார்த்தது. காத்திருந்தது.

மீனின் செவுள் ஒருமுறை திறந்து மூடியது.

குசகாரியின் கழுத்து, தானாக, குனியத் தொடங்கியது.