எதிரே நிற்பவரின் இடப்பக்கம்

“ஃபைல் நம்பர் இல்லாம வந்தா, நான் எங்கங்க போய்த் தேடறது?”

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் ஜன்னலில் மழை சொட்டச் சொட்ட நின்ற ஜூனியர் வக்கீல், உள்ளே இருந்த கிளார்க் பெண்ணிடம் கோர்ட் உத்தரவை நீட்டினான். “பேரு, தேதி இருக்கு. வேன் மோதின பெயிண்டர் கேஸ். நான் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம். அவரோட பழைய எக்ஸ்ரே வேணும்.”

என்ன கண்ணுடா இது… இவ்வளவு மழையில் நனைந்தும் அணையாத கண்! அவள் அவசரமாய் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழு வருஷத் தூசிக்குள்ளிருந்து கவர் வந்தது. ரிப்போர்ட் இல்லை, படம் மட்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன் துள்ளினான். “வலது இடுப்பு! அப்பவே உடைஞ்சிருக்கு. வேன் மோதி உடைஞ்சதுன்னு புளுகியிருக்காரு!”

“சார், அது வந்து…”

“படம் பாக்க எனக்குத் தெரியும் மேடம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

சுருக்கென்றது. போட்டாள். போய்விட்டான்.

போகட்டுமே… எனக்கென்ன?

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் முதல் ஆளாய், வேன் மோதி வலது இடுப்பு உடைந்த ரிப்போர்ட்டின் நகல் வாங்க வந்த பெயிண்டரின் மனைவி, “இன்னிக்கு மத்தியானம் கோர்ட்ல அவர விசாரிக்கிறாங்கம்மா” என்றது காதிலேயே நின்றது. ரெஜிஸ்டரில் வக்கீல் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறை உட்கார்ந்தாள். மூன்றாம் முறை குடையை மறந்து ஓடினாள்.

கோர்ட் வராந்தாவில் அவனை மறித்தாள். மூச்சு வாங்கியது. “எக்ஸ்ரேங்கறது எதிர்ல ஆள் நிக்கிற மாதிரிங்க. உங்களுக்கு வலது, அவருக்கு இடது. பழசு இடது இடுப்புல. வேன் மோதினது வலதுல!”

படத்தைத் தூக்கினான். ஓரத்தில் இடதைக் காட்டும் ‘L’ குறியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. “சீனியர்கிட்ட சொல்லிட்டேனே… தோலை உரிச்சிடுவாரு.”

“அப்ப அந்த மனுஷன் பொய்யர்னு ஆகட்டும்ங்கறீங்களா?”

படத்தோடு உள்ளே போனான். பத்து நிமிஷம்… இருபது… அவள் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

வந்தான். “சீனியர் அந்தக் கேள்விய விட்டுட்டாரு. என்னைத்தான் ஒரு மாசம் கோர்ட் பக்கம் வராதேன்னுட்டாரு.” சிரித்தான். “ரெக்கார்டு ரூம் பக்கம் வரலாமா?”

“எதுக்காம்?”

“உங்கள பேச விடாம விரட்டினேன் இல்ல… திமிரு இல்லைங்க. உங்க கண்ணப் பாத்த பயம்.” குரல் தணிந்தது. “எதிர்ல நிக்கிறவங்க இதயம் எனக்கு வலப்பக்கம்… சரியா கத்துக்கிட்டேனா? அங்க எனக்கு இடம் இருக்கான்னு தேடித் தரணும். ஃபைல் நம்பர் இல்ல…”

அவள் ஈர முந்தானையை முறுக்கினாள்.

“தேட வேணாம்… காலைல நீங்க வந்தப்பவே மேல எடுத்து வெச்சுட்டேன்.”