ஜெசிந்தா மீண்டும் ஐந்தாம் வகுப்பில்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலையிலேயே மேலாண்மைக் குழு கூடிவிட்டது. பேச வேண்டியது ஒரே விஷயம்தான். இறந்துபோன ஜெசிந்தாவை ஆறாம் வகுப்புக்கு அனுப்புவதா, ஐந்திலேயே நிறுத்திவைப்பதா?

அவளைப் பெற்ற மிக்கேலும் குழுவில் ஓர் உறுப்பினன். கடல் தொழில் செய்கிறவன். அன்றைக்குப் படகை இறக்காமல் வந்து, ஓரத்து நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குப் பதிலாக அதன் நிழலி வகுப்புக்குப் போவது அந்தக் காலத்து நடைமுறை. கூரையில் தொங்கும் ஒளிவார்ப்பி, பிள்ளையின் உருவத்தையும் குரலையும் அச்சு அசலாகப் பெஞ்சில் உட்காரவைக்கும். நிழலி பாடம் கேட்கும், பரீட்சை எழுதும், பக்கத்துப் பிள்ளையோடு மல்லுக்கும் நிற்கும். தான் நிழலி என்பது மட்டும் அதற்குத் தெரியாது. மாலையில் அணைத்துக் காலையில் ஏற்றினால், வீட்டுக்குப் போய்வந்ததாகவே நினைத்துக்கொள்ளும். உடம்பு தேறி வருகிற பிள்ளைக்கு அதன் நினைவுகளை மாற்றிவிடுவார்கள்.

போன ஆடியில் ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. நிழலி பள்ளிக்கு வந்தது. ஜெசிந்தா வரவேயில்லை. அதை ஒரேயடியாக அணைக்க யாருக்கு மனசு வரும்? மிக்கேல் கரையேறியதும் சோறுகூடத் தின்னாமல் வகுப்பு ஜன்னலுக்கு ஓடிவருவான். அவளும் எழுந்து வந்து வாய் ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சில்தான் அவன் உயிரைப் பிடித்துவைத்திருந்தான்.

"நூத்துக்கு நூறு வாங்கியிருக்கா. என்ன காரணம் சொல்லிப் பெயில் போட?" என்றார் தலைமையாசிரியை பிரபாவதி.

குழுத் தலைவி பிரகாசியம்மாள் பெருமூச்சு விட்டார். "பாஸ் போட்டா டவுனு ஸ்கூலுக்குப் போவணும் டீச்சர். செத்த பிள்ள நிழலிய அங்க சேக்க மாட்டாவ, அணைச்சிருவாவ. இங்கயும் ஒரு தலை குறையும். மத்ததுவ பாஸாகிப் போனா, இவளையும் சேத்து மிஞ்சுறதே நாலு பிள்ளையளு. பள்ளிக்கூடத்த இழுத்து மூடிட்டுப் போயிருவாவ."

எந்தப் பிள்ளையைப் பற்றிய முடிவானாலும் பெற்றவர்தான் முதலில் கை தூக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். எல்லோரும் மிக்கேலைப் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எம்பிள்ள தெனமும் என் கண்ணுல படணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கை தூக்கினான். மற்ற கைகளும் எழுந்தன. பிரபாவதி டீச்சர் கடைசியாக, அரைமனதாகத் தூக்கினார்.

டவுனுக்குப் போகும் வேன் வாசலில் நின்றது. டீச்சர் பெயர் பெயராக வாசிக்க, தேறிய பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடினார்கள். பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்ற ஜெசிந்தாவின் பெயர் மட்டும் வரவில்லை. வேன் புறப்பட்ட பிறகு அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

"யப்பா, நான் எதைத் தப்பா எழுதினேன்?"

மிக்கேல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் உயிரோடு இருந்தவரை ஒரு சொல் கடிந்து பேசாதவன், பாவி, இப்போது அவள் நெஞ்சில் மண்ணள்ளிப் போட்டுவிட்டான்.

"கணக்குல ஏதோ ஒண்ணு தப்பிப்போச்சாம், மக்கா."

"எல்லாத்தையும் ரெண்டு தடவ சரிபாத்தேனே யப்பா," என்று விம்மினாள். அந்தக் கண்ணீரைத் துடைத்துவிடக்கூட அவனால் முடியாது.

மறுநாள் மதியம் அவளுக்குப் பிடித்த கதையெல்லாம் சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று வந்தான். ஜெசிந்தா முதல் பெஞ்சில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று முறை கூப்பிட்டான். அவள் தலை நிமிரவில்லை.

"வீட்டுக்குப் போங்கப்பா, பேச நேரமில்ல," என்றாள் புத்தகத்தைப் பார்த்தபடியே. "இந்த வருசமாவது நான் எப்படியும் இங்கேருந்து போயிரணும்."