பதிமூன்றாவது பன்

பூமாவுக்கு அன்று காலையிலிருந்தே தலை சுற்றிக்கொண்டிருந்தது. காய்ச்சல், ஜலதோஷம் ஒன்றும் இல்லை. எல்லாம் இங்கிலீஷ்காரர்களின் எண்கள் செய்த வேலை.

இது நடந்தது 1938இல், திருச்சிராப்பள்ளியில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். பூமா ஸ்ரீரங்கத்துப் பெண். அப்பாவோடு தினமும் ரயிலேறிப் பாலம் தாண்டி வந்து படித்தாள்.

ஆறாம் வகுப்பு மொத்தமும் கைகட்டி நின்று ஒப்பித்தது. பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு டஜன். இருபது சேர்ந்தால் ஒரு ஸ்கோர். நூற்றுப் பன்னிரண்டு ராத்தல் எடை சேர்ந்தால் ஒரு ஹண்ட்ரட்வெயிட்.

"டீச்சர், ஹண்ட்ரட்னா நூறுதானே? அப்புறம் எதுக்கு நூத்திப் பன்னெண்டு?" என்று கேட்டாள் பூமா.

லூர்துராணி டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எதுக்குன்னு பரீட்சையில கேக்க மாட்டாங்க. எத்தனைன்னுதான் கேப்பாங்க. உக்காரு."

பூமா உட்கார்ந்தாள். ஆனால் நூறு என்று பேர் வைத்துக்கொண்டு உள்ளே பன்னிரண்டை ஒளித்து வைத்திருக்கிற ஓர் எண்ணை எப்படி நம்புவது?

"சரி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பன் வாங்க யார் போறது? ரோசரிக்குத்தான் காய்ச்சலாச்சே" என்றார் டீச்சர்.

ரோசரி பூமாவின் உயிர்த்தோழி. குழந்தைகள் வகுப்பில் இருந்த பன்னிரண்டு வாண்டுகளுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு பன் உண்டு. இரண்டு வருஷமாக ரோசரிதான் ரொட்டிக் கடைக்குப் போய் ஒரு டஜன் பன் வாங்கி வருவாள். ஒரு பன்கூடக் குறைந்ததில்லை. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தரும் நேர்மைக்கான நீல ரிப்பன் அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"பூமாவை அனுப்புங்க டீச்சர். அவங்க வீட்டுல ரொட்டிக் கடைப் பண்டமே தொட மாட்டாங்க" என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுக் கூடையை பூமாவிடம் கொடுத்தார்.

ரொட்டிக் கடையில் சவரிநாதன் கை முழுக்க மாவோடு நின்றிருந்தார். கடை அவருடையது அல்ல. முதலாளி சாயங்காலம்தான் வருவார்.

"ஒரு டஜனா? இந்தா கண்ணு" என்று மளமளவென்று பன்களை எடுத்துக் கூடையில் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு ஏச்சுதான், போ."

வெள்ளிக்கிழமைக்கும் ஏச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பூமாவுக்கு விளங்கவில்லை. தெருவுக்கு வந்து பன்களை எண்ணினாள். பதிமூன்று. கீழிருந்து மேலாக எண்ணினாள். அப்போதும் பதிமூன்று. திரும்பக் கடைக்கு ஓடினாள்.

"மாமா, ஒண்ணு ஜாஸ்தியா போட்டுட்டேள்."

"இல்லியே, டஜன் சரியாத்தானே இருக்கு?"

"டஜன்னா பன்னெண்டு மாமா!"

"ஊருக்குப் பன்னெண்டு. ரொட்டிக் கடைக்குப் பதிமூணு. கண்டோன்மென்ட்ல ஒரு துரைகிட்ட ரொட்டி போடக் கத்துக்கிட்டேன். அவர் டஜனுக்குப் பதிமூணுதான் குடுப்பாரு. நானும் அப்படியே குடுக்கிறேன்."

"ஏன் அப்படி?"

"அதை யார் கண்டா? துரைகிட்டப் போய் ஏன்னு கேக்க முடியுமா?"

பூமாவின் தலை மறுபடி சுற்றியது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "மாமா, ரோசரிக்கும் பதிமூணா குடுப்பேள்?"

"ரெண்டு வருஷமா வாரம் தவறாம!"

பூமா கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் புளிய மரத்தடிக்கு வந்து நின்றாள். ரோசரி கூடையை இறக்கியதும் டீச்சர் உரக்க எண்ணுவார். ஒவ்வொரு வாரமும் பன்னிரண்டோடுதான் எண்ணிக்கை நிற்கும். அப்படியானால் பதிமூன்றாவது பன் எங்கே போயிற்று?

ரோசரியா? சேச்சே, இருக்காது. ஆனால் பன்னுக்குக் கால் முளைத்தா ஓடிப் போகும்?

பதிமூன்றையும் டீச்சரிடம் கொடுத்தால் கேள்வி வரும். நீல ரிப்பன் போய்விடும். ரோசரியின் பேரும் கெட்டுவிடும். ஒன்றை எடுத்து ஒளித்தால் பூமாவே திருடி ஆகிவிடுவாள். தின்றுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மரத்தடியில் படுத்திருந்த நாய் மட்டும் உதவி செய்யத் தயாராக இருந்தது.

"போ அந்தப் பக்கம்!" என்று அதை விரட்டினாள். பூமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே நின்று நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன தெரியப் போகிறது? கேட்க வேண்டியவளிடம் கேட்டால் போயிற்று. ரோசரியின் வீடு பின் சந்தில்தான் இருந்தது. பூமா கூடையோடு ஓடினாள்.

ரோசரி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"ரோசரி, பதிமூணாவது பன்னை நீ என்னடி பண்ணுவே?"

ரோசரி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஐயையோ, கண்டுபிடிச்சிட்டியா? யார்கிட்டயும் சொல்லிடாதே பூமா, உன்னைக் கும்பிடுறேன்!"

பூமா கூடையைத் தரையில் வைத்தாள். "தின்னுட்டியா?"

"தின்னுறதா? சவரிநாதன் மாமா பாவம்டி! அவருக்குச் சரியா எண்ணத் தெரியல. முதலாளிக்குத் தெரிஞ்சா வேலையே போயிடும். அதான் அவர் அடுப்புப் பக்கம் திரும்புறப்போ, ஒரு பன்னைத் தட்டுலயே வச்சிட்டு ஓடி வந்துடுவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா. பெரியவர்கிட்டப் போய் உங்களுக்கு எண்ணத் தெரியலன்னு எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படாதா?"

பூமா கூடையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. வெட்கமும் கூடவே வந்தது. "ரோசரி, நான் உன்னைத் தப்பா நெனைச்சுட்டேன்."

ரோசரியின் முகம் வாடியது. கொஞ்ச நேரம் கம்பளி நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேரம் நெனைச்சே?"

"புளிய மரத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும்."

"அவ்வளவுதானா? சரி, போகட்டும். டீச்சர்கிட்ட மட்டும் வேணும்னா சொல்லிக்கோ" என்றாள் ரோசரி.

பள்ளிக்கூடத்தில் லூர்துராணி டீச்சர் எண்ணினார். "பதினொண்ணு, பன்னெண்டு..." அவர் கை நின்றது. "இது என்ன பதிமூணு?"

பூமா ஒன்றுவிடாமல் சொன்னாள். டீச்சர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"அதுக்கு ரொட்டிக்காரன் டஜன்னு பேரு, பூமா. இங்கிலாந்துல பல நூறு வருஷத்துக்கு முன்னாடி, எடை குறைவா ரொட்டி வித்தா கடுமையான தண்டனையாம். ரொட்டிக்காரங்க நடுங்கிப் போயி, எதுக்கும் இருக்கட்டும்னு டஜனுக்கு ஒண்ணு கூடப் போட்டாங்கன்னு சொல்றாங்க. பயம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் தங்கிடுச்சு."

"அப்போ ஸ்கோர், டீச்சர்?"

"ஸ்கோர்னா கீறல். ஆடு எண்ணுறவங்க இருபதுக்கு ஒரு தடவை குச்சியில ஒரு கீறல் போடுவாங்களாம்."

"ஹண்ட்ரட்வெயிட்?"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அது எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமா நானும் மனப்பாடம்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்." பிறகு பதிமூன்றாவது பன்னைக் காகிதத்தில் சுற்றி பூமாவிடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோய் ரோசரிகிட்டக் குடு. தட்டுல திரும்ப வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

திங்கட்கிழமை ரோசரி எழுந்து வந்தாள். நீல ரிப்பன் அவள் சட்டையில் ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே ரொட்டிக் கடைக்குப் போனார்கள்.

சவரிநாதன் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். "வா ரோசரி, ஒரு நல்ல சேதி! ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை மட்டும் கடை மூடும்போது ஒரு பன் அதிகமா நிக்கும். உனக்கு எண்ணத் தெரியுமா தெரியாதான்னு முதலாளி ஒரே ஏச்சு. தலையைப் பிச்சுக்காத குறைதான். போன வெள்ளிக்கிழமைதான் எல்லாம் சரியா வந்துச்சு. அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன்!"

ரோசரி தரையைப் பார்த்தாள். பூமா ரோசரியின் முழங்கையை இடித்தாள்.

"மாமா, அது நான்தான்" என்று ரோசரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சவரிநாதன் அவளையே பார்த்தார். பன் தட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "என் வேலை போயிடக் கூடாதுன்னுதானா நீ..." என்று தொடங்கினார். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்ததில் முகம் வெள்ளையாகிவிட்டது.

பிறகு கூடையை வாங்கி, ஒவ்வொரு பன்னாக எடுத்து வைத்து, மேலே துணி போட்டு மூடிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் பூமா துணியை விலக்கி எண்ணினாள். பதினான்கு.

கீழிருந்து மேலாக எண்ணினாள். அப்போதும் பதினான்கு.

இந்தத் தடவை அவள் திரும்பிப் போகவில்லை.